நெல்லையிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரி: எந்த வகுப்பு, எந்த பெர்த்?

திருநெல்வேலி ஜங்ஷனில் ராத்திரி ஏறினால் காலையில் எழும்பூர். தூரம் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்குப் பொதிகை, தூத்துக்குடிக்காரர்களுக்கு முத்துநகர் என எதில் போனாலும் கதை ஒன்றுதான். சாப்பிட்டு முடித்துப் படுத்தால் ஆறேழு மணி நேரத் தூக்கம். டிக்கெட் காசில் நாம் வாங்குவது அந்தத் தூக்கத்தைத்தான். அதைத் தீர்மானிப்பது வகுப்பு மட்டுமல்ல, எந்த பெர்த் கிடைக்கிறது என்பதும்தான். செகண்ட் ஏசி அப்பரில் ஏற முடியாமல் தவிக்கும் ஆச்சிக்கு ஸ்லீப்பர் லோயரே மேல்.

முதலில் காசு. இந்தத் தூரத்துக்கு ஸ்லீப்பர் கட்டணத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், தேர்டு ஏசி இரண்டரைப் பங்குக்குச் சற்று மேலே வரும். செகண்ட் ஏசி மூன்றரைப் பங்குக்கு மேல், ஃபர்ஸ்ட் ஏசி ஆறு பங்கை ஒட்டி. ஏசி வகுப்புகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி தனி. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. தாத்தா ஆச்சி இருவரையும் செகண்ட் ஏசியில் அனுப்பினால் முழுக் கட்டணம்தான்.

ஸ்லீப்பர்: மாதம் பார்த்து எடுங்கள்

மார்கழி, தை, மாசியில் ஸ்லீப்பரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, வீட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டால் நல்ல தூக்கம் வரும். பங்குனி பிறந்ததும் நிலைமை மாறிவிடும். கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் கரிசல் காடு பகல் முழுக்கக் காய்ந்திருக்கும். பெட்டியின் இரும்புக் கூரையும் காய்ந்திருக்கும். அந்தச் சூடு அப்பர் பெர்த்தில்தான் தங்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். சித்திரை, வைகாசியில் ஸ்லீப்பர் எடுப்பதானால் லோயரோ மிடிலோ கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு விதம். ஷட்டரின் அடிவிளிம்பு சரியாக உட்காராத ஜன்னலில் சாரல் உள்ளே வந்து லோயர் பெர்த்தின் ஓரத்தை நனைக்கும். ஏறியவுடன் ஷட்டரை ஒரு தடவை முழுசாக இறக்கி, இரண்டு பக்கமும் கொக்கி விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் வண்டி கிளம்புமுன்னே டிடிஆரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஸ்லீப்பரில் படுக்கை விரிப்பு கிடையாது. ஒரு விரிப்பு, ஒரு போர்வை, காற்றடிக்கும் தலையணை போதும். கழுத்தில் சங்கிலி போட்டவர்கள் வண்டி நிற்கும்போதும் சிக்னலில் ஊரும்போதும் ஜன்னலை மூடியே வைக்க வேண்டும்.

பெட்டியிலும் இரண்டு ரகம் உண்டு. பழைய ரகமான ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த், புதிய ரகமான எல்எச்பி பெட்டியில் 80. இதைத் தெரிந்துகொள்வதில் காரியம் இருக்கிறது. எட்டு பெர்த் சேர்ந்தது ஒரு தடுப்பு. ஐசிஎஃப் பெட்டியில் 65 முதல் 72 வரை கடைசித் தடுப்பு. கழிப்பறை வாடையும் கதவுச் சத்தமும் அங்கேதான். எல்எச்பி ஸ்லீப்பரில் அந்தத் தொல்லை 73 முதல் 80 வரைக்குப் போய்விடும். 1 முதல் 8 வரை இரண்டு ரகத்திலும் வாசல் ஓரம். சக்கரங்கள் பெட்டியின் இரு முனையில் இருப்பதால் நடுவில் ஆட்டம் குறைவு. 33 முதல் 40 வரை கிடைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தேர்டு ஏசி: கீழா, நடுவா, மேலா

பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் சரியான இடம் என்பது எங்கள் கருத்து. குளிர்ச்சி, மூடிய ஜன்னல், இரண்டு விரிப்பு, கம்பளி, தலையணை, கைத்துண்டு. சந்தடியும் புழுதியும் வெளியே நின்றுவிடும். ஐசிஎஃப் தேர்டு ஏசியில் 64 பெர்த், எல்எச்பியில் 72. அமைப்பு ஸ்லீப்பரைப் போலவேதான். எட்டு எட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். டிக்கெட்டில் 45 என்று வந்தால் எட்டால் வகுத்து மிச்சம் 5, அதாவது மிடில்.

லோயர் என்றதும் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ராத்திரி எட்டரைக்கே படுக்க நினைப்பவருக்கு லோயர் தோதுப்படாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் படுக்கும் நேரம் என்பது விதி. அதற்கு முன் மிடில்காரரும் அப்பர்காரரும் லோயரில் உட்கார உரிமை உண்டு. மிடிலைப் பத்து மணிக்கு முன் தூக்கி மாட்டவும் முடியாது. இதற்கு மேல் மதுரை இருக்கிறது. நம் வண்டிகள் பெரும்பாலும் ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் அங்கே போய்ச் சேரும். ஒரு கூட்டம் ஏறும், விளக்கெரியும், பெட்டிகளை லோயருக்கு அடியில் தள்ளுவார்கள், "கொஞ்சம் எந்திரிங்க" என்பார்கள். லோயரில் படுத்தவருக்கு உண்மையான தூக்கம் திண்டுக்கல் பக்கம்தான் ஆரம்பிக்கும். அப்பர்காரர் கோவில்பட்டியிலேயே குறட்டை விடலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். முழங்கால் நன்றாக இருக்கிற, நாற்பது வயதுக்குள் உள்ளவர்களுக்கு அப்பரே சிறந்தது.

ஏசியில் அப்பருக்கு ஒரே குறை, குளிர்காற்று வரும் துளைகள் முகத்துக்கு நேரே இருக்கும். தலையைத் திருப்பிப் படுத்தால் பாதி தீரும். அதிலும் அடங்காவிட்டால் பெட்டி உதவியாளரிடம் சொல்லி வெப்பநிலையைக் கூட்டிவைக்கச் சொல்லலாம். கம்பளியை நேராக உடம்பில் போர்த்தாதீர்கள். ஒரு விரிப்பைக் கீழே விரித்து, மற்றதைப் போர்த்தி அதற்கு மேல் கம்பளி. விரிப்புகள் ஒவ்வொரு பயணத்துக்கும் துவைத்து வரும். கம்பளிக்கு மாதம் ஒரு தடவையாவது துவைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டும்போது அவசரம் கூடாது. மேலிருந்து தொங்கும் சங்கிலி இரண்டும் கொக்கியில் முழுசாக விழ வேண்டும். நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும் கொக்கி, பார்க்க மாட்டியது போலவே தெரியும். ஆள் ஏறிப் புரளும்போதுதான் நழுவும். மாட்டியபின் இரண்டு முனையிலும் உள்ளங்கையால் ஓங்கி அழுத்திப் பாருங்கள். கீழே குழந்தை படுத்திருந்தால் இன்னொரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும்.

தேர்டு ஏசி எகானமி என்று தனியாக ஒன்று 2021-ல் வந்தது. பெட்டிக்கு எம் 1 என்று பெயர் வரும். மின்பெட்டியை வண்டியின் அடிப்பக்கம் மாற்றி, உள்ளே மிச்சமான இடத்தில் கூடுதல் பெர்த் போட்டிருக்கிறார்கள். எல்எச்பி தேர்டு ஏசியில் 72 என்றால் இதில் 83 வரை. ஒவ்வொரு பெர்த்துக்கும் தனிக் காற்றுத்துளை, விளக்கு, யூஎஸ்பி சார்ஜர் உண்டு. கட்டணம் தேர்டு ஏசியைவிட 6 முதல் 8 சதவீதம் குறைவு. அதாவது நம் தூரத்துக்கு எழுபது எண்பது ரூபாய் மிச்சம். ஒல்லியான ஆளுக்கு லாபம். நெடிய ஆள், பெரிய பெட்டி வைத்திருப்பவர், இந்த மிச்சத்துக்காக அதில் போக வேண்டியதில்லை. எல்லா வண்டியிலும் இது கிடையாது.

சைடு லோயர் பற்றி

இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லோயர் கேட்டவருக்குப் பாதி நேரம் வருவது இதுதான். உட்கார்ந்து ஜன்னல் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. படுப்பதற்கு, எதிரெதிர் இருக்கை இரண்டின் முதுகுப் பலகையையும் மடித்துப் படுக்கையாக்க வேண்டும். நடுவில் ஒட்டும் இடத்தில் ஒரு மேடு நிற்கும், இடுப்புக்கு நேரே வரும். சில பெட்டிகளில் ஜன்னலோரம் செங்குத்தாக மடித்து வைத்த ஒரே பலகை இருக்கிறது, அதை இழுத்து மேலே விரித்தால் மேடு மறைந்துவிடும். பலர் அது இருப்பதே தெரியாமல் மேட்டிலேயே படுத்துப் போகிறார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தடுப்புச் சுவர் இருப்பதால் ஆறடி ஆள் காலை நீட்ட முடியாது. மெயின் பெர்த்தில் கால் நடைபாதைக்கு நீளும். போகிறவர் வருகிறவர் பை இடிக்கும், ஆனால் முட்டி மடங்காது.

முதுகுவலி உள்ளவருக்குச் சைடு லோயர் வேண்டாம். குட்டையான, அடிக்கடி கழிப்பறை போகும் பெரியவருக்கு அது நல்லதே, யாரையும் தாண்டாமல் இறங்கலாம்.

செகண்ட் ஏசி எதற்கு?

மிடில் பெர்த் இல்லை என்பதற்கு. அது சின்ன விஷயமில்லை. லோயரில் ராத்திரி முழுக்க நிமிர்ந்து உட்காரலாம். மூச்சுத் தொல்லை உள்ளவர், அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், இவர்களுக்குத் தேர்டு ஏசியோடு வரும் கட்டண வித்தியாசம் முழுக்கத் தகும். திரைச்சீலை உண்டு. ஒரு தடுப்புக்கு எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான், ஆகவே பெட்டி வைக்க இடமும் அதிகம். இலவசச் சுமையும் தேர்டு ஏசி, ஸ்லீப்பருக்கு 40 கிலோ என்றால் இதில் 50, ஃபர்ஸ்ட் ஏசியில் 70. தை மாசம் பனங்கிழங்குக் கட்டும் கருப்பட்டிச் சிப்பமுமாக மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மூன்றடுக்குப் பெட்டியில் எட்டுக்கு மூன்று பெர்த் கீழே. செகண்ட் ஏசியில் ஆறுக்கு மூன்று, அதாவது சரிபாதி. ஃபர்ஸ்ட் ஏசியிலும் சரிபாதிதான். எனவே லோயருக்காக மட்டும் ஃபர்ஸ்ட் ஏசி போவதில் அர்த்தமில்லை.

ஆள் தனியாக, உடம்பு நன்றாக, வெறும் தோள்பை என்றால் செகண்ட் ஏசி வேண்டாம். தேர்டு ஏசி அப்பரில் அதே தூக்கம் கிடைக்கும்.

ஃபர்ஸ்ட் ஏசியில் உள்ளே பூட்டும் கதவு உண்டு. நாலு பேர் கேபின், இரண்டு பேர் கூபே. எது என்பது சார்ட், அதாவது யாருக்கு எந்த பெர்த் என்ற இறுதிப் பட்டியல், போடும்போதுதான் தெரியும். கணவன் மனைவியாகவோ நாலு பேர் குடும்பமாகவோ போனால் சுகம். தனியாகப் போகிற பெண்ணுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். முன்பின் தெரியாத மூன்று பேரோடு மூடிய கதவுக்குள் இருப்பதைவிட, திறந்த தேர்டு ஏசியில் அறுபது பேர் நடுவே இருப்பது மனசுக்கு நிம்மதி. தட்கலும் இதில் கிடையாது.

பெரியவர்களுக்கு லோயர் வாங்கும் வழி

ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது முடிந்திருந்தால் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு. புக் செய்யும்போது கோட்டா இடத்தில் பொது என்பதை மாற்றி மூத்த குடிமக்கள், லோயர் பெர்த் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவரோ இருவரோ மட்டும் அந்த டிக்கெட்டில் இருக்க வேண்டும். பேரனையும் சேர்த்து மூன்று பேராகப் போட்டால் ஒதுக்கீடு போச்சு. தாத்தா ஆச்சிக்கு ஒரு டிக்கெட், மற்றவர்களுக்கு வேறு டிக்கெட் என்று பிரித்துப் போடுங்கள். பெட்டி மாறி வந்தாலும் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வரலாம். படுக்கை மாற்றுவதுதான் கஷ்டம். "அண்ணாச்சி, ஆச்சியால மேல ஏற முடியாது, கொஞ்சம் மாத்திக்கிடுங்களேன்" என்று கேட்டால் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள். ஆனால் எதிரில் இருப்பவருக்கும் மூட்டுவலி இருந்தால் என்ன செய்ய?

ஆட்டோ அப்கிரேட் என்ற கட்டத்தில் பெரியவர்களுக்கு டிக் போடவே கூடாது. மேல் வகுப்பில் இடம் காலியாக இருந்தால் கூடுதல் காசில்லாமல் மாற்றிவிடுவார்கள், நல்லதுதான். ஆனால் ஸ்லீப்பரில் கைக்கு வந்த லோயர் தேர்டு ஏசியில் அப்பராக மாறி நிற்கும். இளவட்டங்கள் தாராளமாக டிக் போடலாம். ஒரு லோயராவது கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்றும் ஒரு வசதி உண்டு. முன்கூட்டிப் புக் செய்யும்போது அது கைகொடுக்கும். தட்கலில் அதைத் தொட்டால் டிக்கெட்டே விழாமல் நேரம் போய்விடும்.

பொங்கல், தீபாவளி நெரிசலில்

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பர் 1-க்கு முன் 120 நாளாக இருந்தது. முதல் நாளிலேயே வெயிட்டிங் லிஸ்ட் வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், வகுப்பையும் பாருங்கள். ஸ்லீப்பர் பெட்டிகள் அதிகம், ரத்தாகும் டிக்கெட்டும் அதிகம், எனவே ஸ்லீப்பரில் 30 நகர்ந்துவிடும். ஒன்றிரண்டு பெட்டி மட்டுமே உள்ள செகண்ட் ஏசியில் 8 அப்படியே நிற்கும். ஃபர்ஸ்ட் ஏசி வெயிட்டிங்கை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி சொல்ல முடியாது. இங்கிருந்தே கிளம்பும் நெல்லை எக்ஸ்பிரஸில் வரும் ஜிஎன்டபிள்யூஎல் என்ற பொது வெயிட்டிங் லிஸ்ட் நகரும். இடையில் உள்ள ஊர்களுக்கான ஆர்எல்டபிள்யூஎல், பல ஊர்களுக்குச் சேர்த்து வைத்த பிக்யூடபிள்யூஎல் என்று வந்தால் நகர்வது குறைவு.

ஆர்ஏசி வந்தால் வண்டியில் ஏறலாம், சைடு லோயரில் இரண்டு பேர் பாதிப் பாதி. பத்து மணி நேரம் உட்கார்ந்தே போக நேரலாம் என்ற கணக்கோடு ஏறுங்கள். மதுரை தாண்டியதும் டிடிஆரிடம் கேளுங்கள். ஏறாமல் போனவர்களின் பெர்த் அதற்குள் அவர் கையில் தெரிந்துவிடும். முழு வெயிட்டிங் டிக்கெட்டோடு ஸ்லீப்பர், ஏசி பெட்டிகளில் ஏற அனுமதியில்லை, கவுன்டரில் எடுத்ததாக இருந்தாலும்.

முந்தின நாள் காலைவரை அசையவில்லை என்றால் தட்கல்தான் வழி. ஆதார் சரிபார்த்த கணக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஏசி வகுப்புகளுக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. முதலில் 10 மணிக்குத் தேர்டு ஏசியில் முயலுங்கள். தவறினால் 11 மணிக்கு ஸ்லீப்பர் இருக்கிறது. தட்கலில் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் காசு திரும்பாது, ஆகவே பயணத் தேதியை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அது உறுதியானவுடன் பழைய வெயிட்டிங் டிக்கெட்டை, சார்ட் போடுமுன் ரத்து செய்துவிடுங்கள்.