படம் நிற்காததால் தெரியாமல் போன பதினொரு நாட்கள்

குமுளியிலுள்ள எங்கள் சிறிய ஸ்டூடியோவிலிருந்து கம்பம் ஊரின் கேபிள் அறைக்குத் தினமும் மாலை ஏலக்காய் விலை நிலவரம் நேரலையாகப் போகிறது. மழைக்காலத்தில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் மரம் சாய்ந்தால் ஃபைபர் அறுந்துவிடும், படமும் நின்றுவிடும். அதனால் கம்பம்மெட்டு வழி என்று சொல்லி விற்ற இன்னொரு நிறுவனத்தின் இணைப்பையும் எடுத்து, 2013-இல் வெளியான எஸ்எம்பிடிஇ 2022-7 முறைப்படி, அதாவது ஒரே ஓட்டத்தை இரண்டு வழியிலும் வாங்கி ஒன்றில் விட்டுப்போனதை மற்றதிலிருந்து நிரப்பும் முறைப்படி, இயங்கும் ரிசீவரை வைத்தேன்.

முதலில் இணைப்புக்கு ஒன்றாக இரண்டு என்கோடர் (படத்தைச் சுருக்கி, பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக அனுப்பும் கருவி) வாங்கியது வீண் செலவு. கேமரா ஒன்றே ஆனாலும் இரண்டும் ஒரே பாக்கெட்டைத் தருவதில்லை. இங்கே வேண்டியது ஒரே பாக்கெட்டின் இரண்டு நகல். ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் இருக்கும் ஆர்டிபி தலைப்பிலுள்ள 16 பிட் வரிசை எண்ணைப் பார்த்து, முந்தி வந்ததை ரிசீவர் எடுத்துக்கொள்கிறது; பிந்தியதைத் தள்ளிவிடுகிறது. எங்கள் 8 எம்பிபிஎஸ் ஓட்டத்தில் நொடிக்கு ஏறத்தாழ 760 பாக்கெட். 65,536 எண்களும் தீர்ந்து மறுபடி தொடங்க 86 நொடி ஆகும், குழப்பத்துக்கு இடமில்லை.

இரண்டு வழியிலும் பாக்கெட் வந்து சேரும் நேரத்தில் 38 மில்லி நொடி வித்தியாசம் இருந்தது. இரண்டாவது வழி மலையைச் சுற்றி வருவதால் என்று நினைத்தேன். ஆனால் ஃபைபரில் ஒளிக்குக் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடிதான். பாக்கெட் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று தடம் பார்த்தபோதுதான் புரிந்தது: இரண்டாவது இணைப்பின் பாக்கெட்டுகள் கொச்சிக்கும் சென்னைக்கும் போய்விட்டுத்தான் கம்பத்துக்கு இறங்குகின்றன. (மலையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற பள்ளத்தாக்கு!) இரவு எட்டு மணி நெரிசலில் வித்தியாசம் எழுபதைத் தாண்டும். ரிசீவரை 50 மில்லி நொடி வித்தியாசம் வரை மட்டும் தாங்கும் வகையில் வைத்திருந்தவரை அந்த நேரத்தில் இரண்டாவது வழி இருந்தும் பயனில்லை. 450 வகைக்கு மாற்றினேன். விலை வாசிப்பதற்கு அரை நொடித் தாமதம் உறுத்தவில்லை. கம்பத்து வியாபாரியோடு நேரலையில் பேசும்போது மட்டும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிவிடுகிறோம்.

பெரிய குறை வேறு. படம் சீராக வந்ததால், லோயர் கேம்ப் வழி செத்துக் கிடந்த பதினொரு நாளும் யாருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் மற்றதும் போனது. "என்னண்ணே, விலையைச் சொல்லாமல் முகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறீர்களே" என்று ஒருவர் போன் செய்த பிறகே ஓடினோம்.

வாங்குபவர்கள் ஒவ்வொரு வழியின் இழப்பையும் தனித்தனியாகக் காட்டுகிற பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் பையன் காலையில் வந்ததும் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதுகிறான். நேற்று இழந்த பாக்கெட்: லோயர் கேம்ப் 212, கொச்சி 9. லைன்மேனுக்குச் சொல்லியாகிவிட்டது.