நீலக் கோடும் பெசிவ் வொய்ஸும்: நீண்ட நாள் பாவனையில் கண்டது

கொழும்புக் கோட்டையில், சுங்கத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் கந்தோரில் வேலை. கப்பல் கம்பெனி, காப்புறுதி, வங்கி என்று நாள் முழுக்க ஆங்கிலக் கடிதம்தான். இலக்கணம் பார்த்துத் திருத்தும் மென்பொருள் ஒன்றைச் சில வருடங்களாக விடாமல் பாவிக்கிறேன். எழுத்துப்பிழை, கால்புள்ளி விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வினைச்சொல்லுக்கு வந்தால்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துவராது.

செயப்பாட்டு வினையை, அதாவது பெசிவ் வொய்ஸைக் கண்டாலே நீலக் கோடு போட்டுவிடும். 'த சீல் வொஸ் ப்ரோக்கன்' (முத்திரை உடைக்கப்பட்டிருந்தது) என்று எழுதினால் செய்வினைக்கு மாற்றச் சொல்கிறது. யார் உடைத்தது என்று தெரிந்தால்தானே மாற்றலாம்? கப்பலிலா, இறக்கிய இடத்திலா, ஒருவருக்கும் தெரியாது. 'யூ ப்ரோக் த சீல்' என்று போட்டால் அது நேரடிக் குற்றச்சாட்டு. பிறகு பதில் வக்கீலிடமிருந்துதான் வரும். செய்தவரை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் பதிய வேண்டிய இடத்தில் பெசிவ் இல்லாமல் முடியாது. சாதாரண தரப் பரீட்சைக்கு வாக்கியத்தைப் புரட்டிப் போட்டு, கடைசியில் 'இன்னாரால்' என்று காட்டும் 'பை' சேர்த்துப் புள்ளி வாங்கியிருப்போம். கந்தோர்க் கடிதங்களில் அந்த 'பை' வருவதே அபூர்வம்.

ஆனால் 'த டொக்யுமென்ட்ஸ் வெயார் நொட் சப்மிட்டட்' (ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படவில்லை) என்று எங்கள் ஆட்களே எழுதும்போது கோடு விழுந்தால், அது நியாயம். கொடுக்காமல் விட்டது நாங்கள்தானே!

'த வெசல் வொஸ் அரைவ்ட்' போன்றவற்றையும் நன்றாகப் பிடிக்கிறது. 'அரைவ்', 'ஹெப்பன்', 'ஒக்கர்' எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். அவற்றுக்குப் பெசிவ் கிடையாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதற்காகவே சிபாரிசு செய்வேன்.

மூட், அதாவது செய்தியா, கட்டளையா, வேண்டுகோளா என்று வினை காட்டும் பாங்கு, வேறு கதை. டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு 'வீ ரிக்வெஸ்ட் தட் த டெமரேஜ் பீ வேவ்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். தட்டச்சு செய்த பொடியன் வந்து நின்றான்.

"அண்ணா, இந்த 'பீ' பிழை போல கிடக்கு. 'இஸ்' எண்டு மாத்தட்டோ?"

"விடு தம்பி, அது சரிதான்."

'ரிக்வெஸ்ட்', 'சஜெஸ்ட்', 'இன்சிஸ்ட்' போன்ற வினைகளை வைத்து ஒன்று நடக்க வேண்டும் என்று கேட்கும்போது, 'தட்'டுக்குப் பிறகு வினை மூல வடிவில் நிற்கும். காலமும் காட்டாது, 'எஸ்'ஸும் ஏறாது. இதுதான் சப்ஜன்க்டிவ். 'வீ இன்சிஸ்ட் தட் ஹீ பே' என்றால் அவர் கட்டியே ஆகவேண்டும். 'பேய்ஸ்' என்று எழுதினாலோ, அவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்று நாங்களே அடித்துச் சொன்னதாகிவிடும். பாக்கிக்காரனுக்கு இதைவிட நல்ல சாட்சிக் கடிதம் கிடைக்காது. இரண்டும் இலக்கணப்படி சரி என்பதால் மென்பொருள் வாயே திறப்பதில்லை. குழப்பமாக இருந்தால் பிரிட்டிஷ் வழக்கப்படி 'ஷுட் பே' என்று போடலாம். எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஏவலில், 'ப்ளீஸ்' போட்டாலும் 'செண்ட்' கட்டளைதான். மேலிடத்துக்கு 'குட் யூ' என்று கேள்வியாக்கினால் நல்லது. 'கைன்ட்லி டூ த நீட்ஃபுல்' (தயவுசெய்து ஆவன செய்யவும்) பழைய பாணி என்று ஒவ்வொரு தடவையும் முறைப்பாடு வரும். நான் கணக்கெடுப்பதில்லை. கொழும்பில் அதற்குத்தான் கெதியாகப் பதில் வருகிறது.

காசு கட்டிய பதிப்பையும் கொஞ்சக் காலம் பார்த்தேன். அதற்கும் இந்த 'பே', 'பேய்ஸ்' விளங்கவில்லை. இலவசப் பதிப்பே போதும். நட்டஈட்டுக் கடிதம் எழுதும்போது மட்டும் பெசிவ் எச்சரிக்கையை அமைப்பில் போய் நிறுத்திவிடுங்கள்.