கோடைக்கால வீட்டுப்பாடமும் ஓயெஸ் இணையதளமும்: ஒரு மதிப்புரை

அமெரிக்க மேல்நிலைப் பள்ளிகளில் 'ஏ.பி.' (கல்லூரி அளவிலான பாடங்களைப் பள்ளியிலேயே படிக்கும் திட்டம்) வரிசையில் வரும் 'அமெரிக்க அரசாங்கமும் அரசியலும்' பாடத்தை எடுக்கும் பிள்ளைகளுக்கு, வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியர்கள் கோடைக்கால வீட்டுப்பாடம் கொடுப்பதுண்டு. பாடத்திட்டம் கட்டாயமாக்கியிருக்கும் 9 அடிப்படை ஆவணங்கள், 14 உச்ச நீதிமன்ற வழக்குகள் என்ற இரண்டு பட்டியல்களிலிருந்தே இதன் பெரும்பகுதி அமைகிறது. வழக்கு ஒவ்வொன்றுக்கும் நடந்தது என்ன, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, தீர்ப்பு என்ன, அதற்கு நீதிபதிகள் சொன்ன காரணம் என்ன என்று நான்கு பத்திகள் எழுதச் சொல்வார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்குகளைத் தொகுத்துத் தரும் ஓயெஸ் இணையதளத்தை என் மகள் இந்த வேலைக்குப் பயன்படுத்தியபோது நானும் அருகிலிருந்து பார்த்தேன். இது முற்றிலும் இலவசம் என்பதோடு, கணக்கு எதுவும் தொடங்காமலேயே பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. வழக்கின் விவரம், சட்டக் கேள்வி, முடிவு ஆகிய மூன்றும் சுருக்கமாகவும், சட்டம் படிக்காதவருக்கும் புரியும்படியும் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த நீதிபதி எந்தப் பக்கம் நின்றார் என்பதும் படங்களோடு தெரிகிறது. வீட்டுப்பாடத்தின் முதல் மூன்று பத்திகள் இதிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. முடிவுப் பகுதி தீர்ப்பைத் தெளிவாகச் சொல்கிறது, ஆனால் காரணத்தை ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகிறது. மே மாதம் நடக்கும் ஏ.பி. தேர்வின் நான்கு எழுத்து வினாக்களில் மூன்றாவது, மாணவர் படித்திராத ஒரு வழக்கைக் கொடுத்து அதைக் கட்டாய வழக்கு ஒன்றோடு ஒப்பிடச் சொல்வதால், உண்மையில் மனத்தில் தங்கவேண்டியது அந்தக் காரணம்தான். சுருக்கத்தை மட்டும் சொல் மாற்றி எழுதிக்கொண்டு போகும் பிள்ளைக்கு செப்டம்பரில் மதிப்பெண் கிடைக்கலாம். ஏ.பி. தேர்வில் அது கைகொடுக்காது.

இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 1955 அக்டோபரிலிருந்து வாய்மொழி வாதங்களைப் பதிவுசெய்து வருகிறது. ஓயெஸில் அவற்றைக் கேட்கும்போது, பேசுபவரின் பெயரோடு எழுத்துப்படியும் வரிவரியாகக் கூடவே நகர்கிறது. 1963-ஆம் ஆண்டின் கிடியன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புளோரிடாச் சிறையிலிருந்து பென்சிலால் எழுதி மனு அனுப்பிய ஏழைக் கைதிக்காக வாதாடியவர் ஏப் ஃபோர்ட்டாஸ். குற்ற வழக்கில் வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவருக்கு அரசே வழக்கறிஞரைத் தரவேண்டும் என்ற ஒருமனதான தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குப் போன மாணவர்களின் டிங்கர் வழக்கு 1969-இல் தீர்ப்பானபோது, அதற்குள் தாமும் நீதிபதியாகிவிட்ட ஃபோர்ட்டாஸ் மாணவர்களுக்குச் சாதகமான பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பிளாக் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். இரண்டு ஒலிப்பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், இவர் தாராளவாதி, அவர் பழமைவாதி என்று நீதிபதிகளுக்கு முத்திரை குத்திப் பழகிய மாணவருக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் ஆட்டம் காணும். பாடநூலின் அரைப்பக்கக் குறிப்பு இதைச் செய்யாது. சில பழைய பதிவுகளில் ஒலி மங்கலாக இருந்தாலும் எழுத்துப்படி துணையிருப்பதால் தொடர்ந்து கேட்க முடிகிறது.

எல்லா வழக்கையும் முழுதாகக் கேட்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விடுமுறை என்பது பிள்ளைகளுக்கும் விடுமுறைதான். டிங்கர், கிடியன் இரண்டையும் முழுமையாகக் கேட்டு, மற்றவற்றில் நீதிபதிகள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும் இடங்களை மட்டும் எழுத்துப்படியில் தேடிப் படித்தால் போதும். எந்தக் கேள்விக்கு வழக்கறிஞர் தடுமாறுகிறாரோ, தீர்ப்பின் காரணம் பெரும்பாலும் அதை ஒட்டியே அமைந்திருக்கும்.

ஆவணங்களுக்கு இந்தத் தளம் உதவாது, அது இதன் வேலையும் அன்று. சுதந்திரப் பிரகடனத்தையும் அரசியலமைப்பையும் அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்திலும், அரசியலமைப்பை ஆதரித்து அக்காலத்தில் எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் இணையத் தொகுப்பிலும் படிக்கலாம்.

கட்டாய வழக்குகளில் நான்கு, அதாவது மார்பரி, மக்கல்லக், ஷெங்க், பிரவுன் ஆகியவை, 1955-க்கு முந்தையவை என்பதால் அவற்றுக்கு வாதங்களின் ஒலிப்பதிவு கிடையாது. அவற்றில் தீர்ப்பின் மூலத்தையே படிக்கவேண்டும். பிரவுன் வழக்கில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதியது சுருக்கமானது, எளிய நடையில் உள்ளது. ஒரே அமர்வில் முடித்துவிடலாம். 1803-ஆம் ஆண்டின் மார்பரி தீர்ப்பு நீளமானது, மொழியும் பழையது; அதை ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காமல் ஜூலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது.