சவ்விலிருந்து ஒன்று, குருத்தெலும்பிலிருந்து ஒன்று: எலும்பு உருவாகும் இரண்டு வழிகள்

மண்டையோட்டின் தட்டை எலும்புகளுக்குக் குறுக்கு வழி. கருவின் மெல்லிய சவ்விலேயே செல்கள் கூடி நேரடியாக எலும்பைப் படியவைக்கின்றன. பிறந்த குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று இருக்கும் இடம், அந்த எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடைவெளிதான். பெரும்பாலும் 2 வயதுக்குள் மூடிவிடும்.

தொடை எலும்பு சுற்று வழியில் வருகிறது. எனக்கு இதுதான் சுவாரசியம். முதலில் முழு வடிவமும் குருத்தெலும்பில், அதாவது எலும்பைவிட மென்மையான, வளையக்கூடிய திசுவில், உருவாகும். அப்புறம் நடுவில் ரத்தக்குழாய் நுழைய, கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு இடம் பிடிக்கும். முனைகளுக்கு அருகே ஒரு குருத்தெலும்புத் தட்டு மிஞ்சும். அதன் ஒரு பக்கம் செல்கள் பெருக, மறுபக்கம் எலும்பாகிக்கொண்டே போகும். உயரம் கூடுவது இப்படித்தான். எக்ஸ்ரேயில் இந்தத் தட்டு கறுப்புக் கோடாகத் தெரியும், முறிவு என்று பயந்துவிடாதீர்கள். பருவ வயதின் இறுதியில் பெண் ஹார்மோன் எனப்படும் ஈஸ்ட்ரோஜன் அதை மூடிவிடும், ஆண்களுக்கும்தான்.

கழுத்துக்குக் கீழே தோள் வரை நீளும் காறை எலும்போ சவ்வில் தொடங்கி, முனைகளில் குருத்தெலும்பையும் சேர்த்துக்கொள்ளும்.