ஜெயண்ட்ஸ் இன் தி எர்த்: டெல்டாக்காரர்கள் படிக்க வேண்டிய நாவல்

நார்வேயிலிருந்து 1896-ல் அமெரிக்கா போனவர் ஓ. ஈ. ரோல்வாக். தாய்மொழியில் எழுதிய இந்த நாவலின் ஆங்கில வடிவம் 1927-ல் வந்தது. கதை தொடங்குவது 1873-ல், டகோட்டா புல்வெளியில்.

அங்கே குடியேறியவருக்கு அரசு தந்தது 160 ஏக்கர். நம் பழைய நில அளவுக் கணக்கில் 24 வேலி! ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால்தான் சொந்தம். வீடு கட்ட மரம் கிடையாது. வேரோடு வெட்டிய புல்கட்டிகளைச் செங்கல் போல அடுக்குகிறான் கதாநாயகன் பெர் ஹான்சா. உட்சுவருக்குச் சுண்ணாம்பும் அடிக்கிறான். ஒரே கூரையின் கீழ் வீடும் தொழுவமும்.

கோதுமை விதைக்கும் பகுதிதான் உச்சம். அவசரப்பட்டு முந்தி விதைத்துவிடுகிறான், பனி கொட்டுகிறது. விதை செத்ததென்று படுத்தே விடுகிறான். ஆனால் குளிர்ந்த மண்ணில் கோதுமை காத்திருந்து முளைக்கும். மேட்டூர்த் தண்ணீரை எதிர்பார்த்து நேரடி விதைப்பு செய்துவிட்டு வானம் பார்க்கும் தஞ்சாவூர், திருவாரூர் விவசாயிக்கு அந்தப் பக்கங்கள் சுருக்கென்று தைக்கும். பிறகு வருவது வெட்டுக்கிளி.

அவன் மனைவி பெரெட்தான் நாவலின் உயிர். மறைவதற்கு ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி அவள் மனதைக் குலைப்பதை ஆசிரியர் அவசரமில்லாமல் காட்டுகிறார்.

குறையும் உண்டு. அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஓரமாகவே வந்துபோகிறார்கள். முதல் அத்தியாயம் மெதுவாக நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், இல்லாவிட்டால் முடிவு முன்பே தெரிந்துவிடும்.