மணிலா கயிற்று பைலட் ஏணி: பொருள் நல்லது, கட்டும் விதத்தில்தான் வினை

பைலட்டை (துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) படகிலிருந்து கப்பலுக்கு ஏற்ற, மணிலா என்னும் நார்க்கயிற்றில் கட்டிய ஏணியை இன்னும் எதுவும் வெல்லவில்லை. நனைந்தாலும் சொரசொரப்புப் போகாது, கை வழுக்காது. பைலட் ஏணிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 799-இன்படி செய்த ஏணியில் பக்கத்துக்கு இரண்டு கயிறு. ஒவ்வொன்றும் குறைந்தது 18 மி.மீ. விட்டம், நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது. படிகளின் இடைவெளி 310 முதல் 350 மி.மீ. கீழே நான்கு படிகள் ரப்பர், படகு இடித்தாலும் பிளக்காது. கீழிருந்து ஐந்தாவது படி ஸ்பிரெடர், அதாவது குறைந்தது 1.8 மீட்டர் நீளமுள்ள அகலப் படி. கப்பல் ஆடும்போது ஏணி புரளாமல் பிடிப்பது அதுதான்.

குறை என்றால், மணிலா உள்ளுக்குள் உளுத்துப்போகும். மேலே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். முறுக்குக்கு எதிராகத் திருகிப் புரியைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே சாம்பல் நிறத் தூள் கொட்டினால் அந்த ஏணி அவ்வளவுதான். ஈரத்தோடு சுருட்டி, பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் போடுவதால் வரும் கேடு இது. படிக்குப் பெயின்ட் அடிப்பதும் கூடாது, விரிசல் மறைந்துவிடும். (அழகுக்காக அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

ஏணியின் முழு நீளமும் தேவைப்படாதபோதுதான் பெரிய தப்பு நடக்கிறது. பக்கக் கயிறுகளைச் சுற்றி ஷேக்கிளை (U வடிவ இரும்புக் கொக்கி) மாட்டி, படிக்கட்டையில் முட்டவிட்டு நிறுத்துகிறார்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது கயிறு. ஷேக்கிள் அதைப் படியைப் பிடித்திருக்கும் சின்னக் கட்டு நூலின் மேல் தள்ளிவிடுகிறது. நூல் நழுவும், படி சாயும். இரு பக்கக் கயிற்றிலும் ரோலிங் ஹிட்ச் என்னும் இறுகிப் பிடிக்கும் முடிச்சைப் போட்டு டெக்கிலுள்ள உறுதியான வளையத்தில் கட்டுவதே சரி. ஏணியைத் தூக்கும் துணைக்கயிறு மிகக் கீழே உள்ள ஸ்பிரெடரிலோ அதற்கு மேலோ கட்டப்பட்டு, முன்பக்கம் நோக்கிப் போக வேண்டும். அடியில் வளையமாகத் தொங்கினால் படகு அதில் சிக்கி ஏணியையே இழுத்துவிடும்.

ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் இந்த ஏணி தனியாகப் போதாது. கப்பலின் பக்கவாட்டில் சாய்வாக இறக்கும் படிக்கட்டான சாய்வு ஏணியையும் சேர்க்க வேண்டும்: சாய்வு 45 பாகைக்கு மிகாமல், கீழ்மேடை நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டராவது மேலே. இரண்டையும் கப்பலின் பக்கவாட்டோடு இறுக்கிக் கட்டாவிட்டால், பைலட் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால் மாற்றும் நேரத்தில் இடைவெளி திறந்துகொள்ளும்.