பின் லூம்: வாங்கலாம், ஆணியைப் பார்த்து வாங்குங்கள்

ஆன்லைனில் வாங்கிய 4 அங்குல பின் லூம் இது, அதாவது சுற்றிலும் ஆணி வைத்த சின்னச் சதுர நெசவுச் சட்டம். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்கள் முதலில் ஆணியைப் பாருங்கள், எனக்கு வந்தது சாதா இரும்பு, உப்புக்காற்றில் துருப்பிடித்து வெள்ளை நூலில் பழுப்புக் கறை ஏறிவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் மட்டும் எடுங்கள். மற்றபடி அருமையான சாமான். மூன்று அடுக்கு நூலைச் சுற்றிவிட்டு, நாலாவது அடுக்கை மட்டும் நீள ஊசியால் ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டே போனால் நாலு பக்கமும் ஓரம் முடிந்த சதுரம் கிடைக்கும், கத்தரித்து மடித்துத் தைக்கிற வேலையே இல்லை! நம்ம வெக்கைக்குக் கம்பளி நூல் வேண்டாம், பருத்தி போதும், ஆனால் அது சுருங்கும், அதனால் சதுரங்களை அலசிக் காயவைத்த பிறகு இணையுங்கள். எட்டுச் சதுரம் இருந்தால் சூடான சட்டி இறக்க இரட்டை மடிப்பில் நல்ல பிடிதுணி ஒன்று தேறும்.